மூணுநாள் சாரின் ஒரே நிலுவை

உறையைப் பிரித்து, காகிதத்தை மேசையில் தட்டி நேராக்கி, தேதி முத்திரை குத்தி, வரிசை எண் போட்டு, பதிவேட்டைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றிய பிறகுதான் மூணுநாள் சார் பெயரைப் படித்தார். அது அவருடைய பெயர்.

தகப்பனார் பெயரும் அவருடைய தகப்பனார் பெயர்தான். வீட்டு முகவரியும் சரி. ஒரு நப்பாசையில் சட்டைப்பையிலிருந்து லைசென்ஸை எடுத்து எண்ணை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு எண்ணும் பிசகவில்லை.

போக்குவரத்து அலுவலகத்தில் அவர் பார்ப்பது வெளிமாநிலத் தபால் பிரிவு. நம் மாநிலத்து லைசென்ஸ் வைத்திருப்பவர் வேறு மாநிலத்தில் குடித்துவிட்டு ஓட்டி மாட்டினால், அங்கிருந்து காகிதம் இவர் மேசைக்கு வரும். இவர் அதைப் பதிவேட்டில் ஏற்றி அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். அதிகாரி லைசென்ஸை ஆறு மாதம் நிறுத்தி வைத்து உத்தரவு போடுவார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு காகிதம்கூட அவர் மேசையில் மூன்று நாளைத் தாண்டியதில்லை. பெயர் அப்படித்தான் வந்தது. மெய்யான பெயரைச் சம்பளச் சீட்டு தவிர வேறு யாரும் சொல்வதில்லை.

நடந்தது இதுதான். ஏழு வாரத்துக்கு முன் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு நண்பர் ஓய்வு பெற்றார். விருந்து வைத்தார். மூணுநாள் சார் தனியாகக் காரில் போனார். இரண்டு கிளாஸ் குடித்தார். அவர் கணக்கில் இரண்டு, வழியில் மறித்து ஊதச் சொன்ன இயந்திரத்தின் கணக்கில் நாலு. காரை அங்கேயே ஓரம் கட்டவைத்து, மறுநாள் காலை எடுத்துப் போகச் சொன்னார்கள்.

"உங்க ஆபீசுக்கு எழுதிடுவோம்" என்றார் அங்கிருந்த போலீஸ்காரர்.

அந்த மாநிலத்துக் காகிதம் வந்துசேரச் சராசரியாகப் பதினோரு மாதம் ஆகும் என்பது சாருக்குத் தம் பதிவேட்டிலிருந்தே தெரியும். அந்தத் தைரியத்தில்தான் இத்தனை நாள் சாப்பிட்டுத் தூங்கினார். ஏழே வாரத்தில் வந்துவிட்டது. அங்கேயும் யாரோ ஒழுங்காக வேலை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

லைசென்ஸ் போவதைப் பற்றி அவருக்குப் பெரிய கவலை இல்லை. மேலதிகாரி கேட்டால் தலையைக் குனிந்துகொள்ளலாம். பயமெல்லாம் மனைவியை நினைத்துத்தான். பதினைந்து வருடத்துக்கு முன், இனிமேல் கையால் தொடமாட்டேன் என்று அவளுக்குச் சொல்லியிருந்தார். தொடவும் இல்லை, அந்த இரண்டு கிளாஸைத் தவிர. அவள் அதை நம்பியதோடு நிற்கவில்லை. தங்கைகள், அண்ணன், அண்ணி எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள். அவள் பக்கத்துச் சொந்தத்தில் எந்த ஆண்பிள்ளை தள்ளாடினாலும் மறுநாள் இவரைத்தான் உதாரணம் காட்டுவார்கள். நிறுத்தி வைக்கும் உத்தரவு பதிவுத் தபாலில் வீட்டுக்குப் போகும். உத்தரவு போகாமல் இருக்க வேண்டுமானால் பதிவு ஏறக் கூடாது.

மூணுநாள் சார் பேனா மூடியைத் திரும்பப் போட்டார். காகிதத்தை மேசையில் விரித்திருந்த ரெக்சினுக்கு அடியில் தள்ளினார்.

சாயங்காலம் கார் சாவியை எடுத்தவர் நின்றுவிட்டார். உத்தரவு வரவில்லைதான். ஆனால் வர வேண்டிய உத்தரவு எது என்று தெரிந்த மனிதர் அவர். தெரிந்துகொண்டே எப்படி ஓட்டுவது? உத்தரவைத் தடுத்தவரும் அவர்தான், அதற்குக் கீழ்ப்படிய ஆரம்பித்தவரும் அவர்தான். காரை அலுவலகத்திலேயே விட்டுவிட்டுப் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தார்.

"கார் எங்கேங்க?" என்றாள் மனைவி.

"ஏதோ சத்தம் வருது. அங்கேயே விட்டுட்டேன்."

"எந்தப் பக்கத்துல சத்தம்?"

"எல்லாப் பக்கமும்."

மறுநாள் மத்தியானம் அவளே பஸ்ஸில் போய்க் காரை எடுத்து வந்துவிட்டாள். அவளுக்கும் லைசென்ஸ் உண்டு. கல்யாணமான புதிதில் வாங்கியது. நாலு வருடமாக ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

"ஒரு சத்தமும் இல்லைங்க. வெண்ணெய் மாதிரி வந்துச்சு. இந்தாங்க சாவி."

சாவியைப் பார்த்ததும் அவர் இடுப்பில் கை வைத்தார். "காலையிலேருந்து முதுகு பிடிச்சிருக்கு. கிளட்ச் மிதிக்க முடியல."

அன்று இரவே மெத்தை போயிற்று. முதுகுக்கு வெறும் தரைதான் நல்லது என்றாள். தலையணையும் போயிற்று. காலையில் எழுந்தபோது முதுகு நிஜமாகவே பிடித்திருந்தது.

அலுவலகத்தில் மூன்றாம் நாள் முடியப் போகிறது. குறையுள்ள காகிதமானால் பதியாமல் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்ப விதி உண்டு. சார் ரெக்சினுக்கு அடியிலிருந்து காகிதத்தை எடுத்து மூன்று முறை படித்தார். குறை என்று ஒன்றுமில்லை. நல்ல கையெழுத்து, நல்ல வாசகம். இவரே எழுதியிருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பார். கடைசியில் ஒன்று கிடைத்தது. 'ஓட்டுநரின் ரத்த வகை குறிப்பிடப்படவில்லை. தெரிவிக்கவும்.' கீழே 'பதிவு எழுத்தர்' என்று மட்டும் போட்டு ஒரு கிறுக்கல். அந்தக் கடிதங்களில் பெயர் எழுதும் வழக்கம் இல்லாதது நல்லதாய்ப் போயிற்று.

இரண்டு மாதத்துக்குக் கவலை விட்டது என்று நினைத்தார். ஆறாம் நாள் பதில் வந்தது. 'கேட்டமைக்கு நன்றி. ரத்த வகை ஓ பாசிட்டிவ். இத்துடன் லைசென்ஸ் நகல், இயந்திரச் சீட்டு, ஓட்டுநர் கையொப்பமிட்ட வாக்குமூலம் இணைக்கப்பட்டுள்ளன.' அந்தப் பக்கத்திலும் 'பதிவு எழுத்தர்', ஒரு கிறுக்கல்.

"அங்கேயும் ஒரு மூணுநாள் உட்கார்ந்திருக்கான்போல" என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். பயமாக இருந்தது. கொஞ்சம் மரியாதையாகவும் இருந்தது.

மூன்று வாரம் கழித்து இரண்டாவது கேள்வி: இயந்திரம் சரியாக வேலை செய்ததற்கு ஆதாரம் என்ன? இதற்கு ஐந்தே நாளில் பதில். இயந்திரத்தைச் சோதித்த சான்றிதழ், அதற்கு முந்தின வருடச் சான்றிதழ், கூடவே, 'சந்தேகம் நீங்க' என்று குறிப்பிட்டு ஒரு புகைப்படம். குழாயில் வாய் வைத்து, கன்னம் இரண்டும் உப்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டு மூணுநாள் சார் ஊதிக்கொண்டிருந்தார். நாயனக்காரர்கூட அப்படி ஊதமாட்டார்.

அன்று வீட்டுக்குள் நுழையும்போதே மனைவி சிரித்த முகமாக இருந்தாள்.

"என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்லைங்க. முதுகு எப்படி இருக்கு?"

"முதுகு தேவலை. இப்போ கண்ணுதான் ஒரு மாதிரி மங்குது. ஓட்ட முடியாது."

"அடப்பாவமே. அந்த விருந்துக்குப் போயிட்டு வந்ததுலேருந்தே உங்களுக்கு உடம்பு சரியில்ல. அங்க என்ன குடிச்சீங்க?"

"ஜூஸ்."

"என்ன ஜூஸ்?"

"திராட்சை."

அடுத்த நாளிலிருந்து தினமும் சாயங்காலம் பெரிய டம்ளரில் திராட்சை ஜூஸ் வந்தது. "பிடிச்சதை எதுக்கு விடணும்? குடிங்க" என்று எதிரே உட்கார்ந்து, டம்ளர் காலியாகும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். கண்ணுக்கு டாக்டரிடம் கூட்டிப் போனாள். டாக்டர் சொட்டு மருந்து விட்டார். இரண்டு நாள் உலகமே தண்ணீருக்குள் இருப்பதுபோல் தெரிந்தது. நல்ல கண்ணுக்கு மருந்து விட்டால் அப்படித்தான் என்று டாக்டர் சொல்லவில்லை, அவருக்கே தெரிந்துபோயிற்று.

ஒரு மாதம் கழித்து மூன்றாவது கேள்வி: புகைப்படத்தில் இருப்பவர் அவரே என்பதற்குச் சான்றொப்பம் இல்லை. பதில்: மூன்று அதிகாரிகளின் சான்றொப்பத்துடன் புகைப்படம், பத்துப் பிரதிகள். இந்த முறை பெரிதாக்கியிருந்தார்கள்.

இதற்கிடையில் மச்சான் வந்து இறங்கினார். மனைவியின் அண்ணன். ஸ்டேஷனுக்குப் போய்க் கூட்டி வர வேண்டும். மனைவி வாசலில் நின்று சாவியைக் கணவர் கண் முன்னால் ஆட்டினாள். வேர்த்துப்போன நெற்றியைப் பார்த்துவிட்டு, "வேண்டாம், நானே ஓட்டறேன். நீங்க பக்கத்துல உட்காருங்க. ஹாரன் வேணும்னா சொல்லுங்க, அடிக்கிறேன்" என்றாள்.

வழியில் மச்சான் பின் சீட்டிலிருந்து கேட்டார். "என்ன மாப்ள, சாவியை இவகிட்ட கொடுத்துட்டீங்க?"

"அவருக்கு எதுக்குண்ணே ஸ்டியரிங்கு?" என்றாள் அவள், ரோட்டைப் பார்த்தபடியே. "நிதானமான மனுஷன். நிதானத்தையெல்லாம் பத்திரமா வச்சிருக்கட்டும். அவசரத்துக்கு ஆகும்."

"உங்களை மாதிரி ஒருத்தரை என் சகலைக்கும் காட்டணும் மாப்ள. நேத்துகூட வாசப்படியில விழுந்து எழுந்தானாம்."

மூணுநாள் சார் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். பக்கத்து சீட்டிலிருந்து ஊர் வேறு மாதிரி தெரிந்தது. தினமும் கடந்துபோன சந்தில் ஒரு கடிகாரக் கடை இருப்பதே அன்றுதான் தெரிந்தது. மனைவி கியர் மாற்றும்போது நாக்கு நுனியைக் கடித்துக்கொள்வாள் என்பதும் தெரிந்தது. இருபத்தெட்டு வருடமாகப் பார்க்காதது. இவளிடம் போய் எப்படிச் சொல்வது?

அந்த வாரம் நாலாவது கேள்வி அனுப்பினார். பத்துப் பிரதிகளில் மூலம் எது? எழுதும்போது அவருக்கே கூசியது.

திங்கட்கிழமை அதிகாரி கூப்பிட்டார். மேசையில் ஒரு கடிதம் விரிந்திருந்தது. மேடத்தின் முகம் மலர்ந்திருந்தது.

"சார், பக்கத்து மாநிலத்துலேருந்து நமக்குப் பாராட்டுக் கடிதம். இவ்வளவு நுணுக்கமா கேள்வி கேக்கற ஆபீசை அவங்க பார்த்ததே இல்லையாம். ஒரே ஒரு குடிபோதை கேஸுக்கு நாலு கேள்வி. உங்களால அவங்க வேலை முறையையே மாத்திட்டாங்களாம்."

"கடமைதானே மேடம்" என்றார் சார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"வெள்ளிக்கிழமை எல்லா ஸ்டாஃபையும் கூப்பிடறேன். அந்த ஃபைலை எடுத்து எப்படி ஆராய்ஞ்சீங்கன்னு முதல்லேருந்து சொல்லணும். ஓட்டினவர் பேரை மட்டும் மறைச்சிடுங்க. அது அவரோட மானம்."

"மறைச்சிடறேன் மேடம்" என்றார். அந்த ஒரு சொல்லில் உயிர் வந்தது. போயும் விட்டது. புகைப்படம் பத்துப் பிரதி இருக்கிறதே.

புதன், வியாழன் இரண்டு நாளும் காய்ச்சல் வருமா என்று நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். வரவில்லை. தரையில் படுத்து, நேரத்துக்குச் சாப்பிட்டு, தினம் பஸ் ஸ்டாப்புக்கு நடந்து, திராட்சை ஜூஸும் குடித்து, அவர் உடம்பு கடந்த பத்து வருடத்தில் இல்லாத ஆரோக்கியத்தில் இருந்தது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் பதினாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சார் பெயரை வெள்ளைத்தாள் ஒட்டி மறைத்திருந்தார். புகைப்படத்தின் முகத்திலும் ஒட்டியிருந்தார். உப்பிய கன்னத்தின் ஓரம் மட்டும் கொஞ்சம் வெளியே தெரிந்தது. முதல் கேள்வி, பதில். இரண்டாம் கேள்வி, பதில் என்று முறையாகச் சொல்லிக்கொண்டு போனார். எல்லாரும் குறித்துக்கொண்டார்கள்.

"அந்த ஆளு அதிர்ஷ்டக்காரன் சார்" என்றார் கணக்குப் பிரிவுக்காரர். "உங்க கையில சிக்கினதால மூணு மாசம் ஜாலியா ஓட்டிட்டிருப்பான்."

"ஓட்டலை" என்றார் சார் சட்டென்று.

"உங்களுக்கெப்படித் தெரியும்?"

"ஓட்டியிருக்கமாட்டார்னு சொல்ல வந்தேன்."

புதிதாக வந்திருந்த தட்டச்சு செய்யும் பெண் கையைத் தூக்கினாள். பாராட்டுகிற இடத்தில் கேள்வி கேட்கக் கூடாது என்று அவளுக்கு இன்னும் யாரும் சொல்லித்தரவில்லை.

"சார், இத்தனை கேள்வி கேட்டீங்களே, கடைசியில அவங்க காகிதத்துல என்ன தப்பு இருந்துச்சு?"

"தப்பு ஒண்ணும் இல்லம்மா."

"அப்போ ஏன் சார் இன்னும் பதியலை?"

மூணுநாள் சார் அந்தப் பெண்ணைப் பார்த்தார். மேடத்தைப் பார்த்தார். இருபத்திரண்டு வருடமாக இந்தக் கேள்வியை மற்றவர்களைப் பார்த்து அவர் கேட்டிருக்கிறார், ஒரு தடவைகூட நல்ல பதில் கிடைத்ததில்லை.

பதிவேட்டைத் திறந்தார். பேனா மூடியைக் கழற்றினார். எழுதியதை வாய்விட்டும் படித்தார். வரிசை எண், தேதி, குற்றம், பிறகு ஓட்டுநர் பெயர்.

சம்பளச் சீட்டில் மட்டும் இருந்த பெயர் என்பதால், சில பேருக்கு அது யாரென்று புரிய நேரம் பிடித்தது. புரிந்தவர்கள் புரியாதவர்களுக்குக் குனிந்து சொன்னார்கள். சார் புகைப்படத்தில் ஒட்டியிருந்த தாளையும் உரித்தார். வேறு யாராக இருந்தாலும் அந்தக் கன்னத்தைப் பார்த்து எல்லாரும் சிரித்திருப்பார்கள்.

லைசென்ஸை எடுத்துப் பதிவேட்டின் மேல் வைத்து, அப்படியே மேடத்தின் பக்கம் தள்ளினார்.

மேடம் லைசென்ஸை எடுத்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விளக்கம் எழுதிக் கொடுங்க. மூணு நாள்ல."

"இன்னிக்கே கொடுத்துடறேன் மேடம்."

"இந்தப் பிரிவு இனிமே உங்ககிட்ட இருக்காது. முன் கவுண்டர்ல உட்காருங்க. லைசென்ஸ் இன்னையிலேருந்து ஆறு மாசம் நிறுத்தம்."

"மேடம், மூணு மாசமா நான் ஓட்டவே இல்லை. பஸ்லதான்."

"அது நீங்களா போன நடைப்பயிற்சி சார். கணக்குல வராது." சொல்லிவிட்டு எழுந்தவர் வாசலில் திரும்பினார். "கேள்விங்க மட்டும் நல்லாத்தான் இருந்துச்சு. அந்த ரத்த வகை எனக்குத் தோணியிருக்காது."

விளக்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினார் சார். மூன்று மாதத்துக்குப் பிறகு மேசையில் ஒரு காகிதமும் பாக்கியில்லை. ஜன்னலோர இடம் கிடைத்தது. காற்று நன்றாக இருந்தது. வீட்டில் மட்டும் ஒரு நிலுவை. அதையும் இன்றே தீர்த்துவிடுவது என்று முடிவு செய்தார். என்ன சொல்வது என்று முறைப்படி மனத்தில் எழுதிக்கொண்டார். முதலில் விருந்து. அடுத்து இரண்டு கிளாஸ். அதன் பிறகு முதுகும் கண்ணும் பொய் என்பது. மன்னிப்பு கடைசியில். அவள் அழுதால் அழட்டும். அண்ணன் வீட்டுக்குப் போகிறேன் என்றால், பஸ்ஸில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவது. தங்கைகளுக்கு அவரே போன் செய்து, இனி என்னை உதாரணம் காட்டாதீர்கள் என்று சொல்லிவிடுவது.

கேட்டைத் திறக்கும்போது பின்னால் சைக்கிள் மணி கேட்டது. தபால்காரர்.

"சார், உங்க பேருக்குப் பதிவுத் தபால். இங்க ஒரு கையெழுத்து."

உறையைப் பார்த்ததுமே கையெழுத்து தெரிந்துவிட்டது. பக்கத்து மாநிலத்துப் பதிவு எழுத்தர். நின்ற இடத்திலேயே பிரித்தார். 'மூலப் பிரதி எது என்ற தங்கள் அலுவலகக் கேள்விக்கு எங்கள் பதில். வழக்கம்போல் ஓட்டுநரின் தகவலுக்காக ஒரு நகல் அவர் வீட்டு முகவரிக்கும் அனுப்பப்படுகிறது.' கீழே பெரிதாக்கிய புகைப்படம் ஒன்று.

காலையில் வந்திருந்தால் இதைச் சட்டைக்குள் செருகியிருப்பார். இப்போது அந்த எண்ணம் வரவில்லை. அவள் இதைப் பார்ப்பதற்கு முன் தம் வாயால் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

"அண்ணே, ஒரு உதவி" என்றார் தணிந்த குரலில். "இப்படி ஒரு தபால் வந்ததா வீட்டுல சொல்லிடாதீங்க. நானே பக்குவமா எடுத்துச் சொல்லிக்கறேன்."

தபால்காரர் சைக்கிளைத் திருப்பியபடியே சொன்னார். "இது அஞ்சாவது சார், முன்னாடி வந்த நாலையும் அம்மாதான் கையெழுத்துப் போட்டு வாங்கி, இதே கேட்டுக்கிட்ட நின்னு படிச்சுட்டு சிரிச்சுக்கிட்டே உள்ள போவாங்க, முதல் ஃபோட்டோ வந்த அன்னிக்கு எனக்கும் காட்டினாங்க."